அண்டர்கட்

"எவ்வளவு வேகணும் சார்?" என்றவனிடம்
"நல்லா வேகட்டும்" என்றேன்.
நுங்கம்பாக்கத்து ஏசிக் குளிரில்
அவன் முகத்தில் ஒரு சின்ன மின்வெட்டு.
எதிரில் இருந்த மேனேஜர் திருத்தினார்:
"மீடியம் ரேர். ரெண்டு பேருக்கும்."

மரப்பலகையில் வந்தது.
மேலே ஏதோ தழை, உருகும் வெண்ணெய்.
மூவாயிரத்து இருநூறு, வரி தனி,
கொடுத்தது கம்பெனி.
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் வினை.
அவ்வளவு நன்றாக இருந்ததை
ஜெபக்கனி இல்லாமல் தின்றுவிட்டேன்.

ஞாயிறு ஆறரைக்கே பெரம்பூரில் வரிசை.
"அண்டர்கட் அரை கிலோ. துண்டு போடாம."
அன்சர் பாய் கத்தியை நிறுத்தினார்.
"சுக்காவா, குழம்பா?"
"ரெண்டும் இல்ல பாய்."
பின்னால் நின்ற இரண்டு பேர்
எட்டி என் முகத்தைப் பார்த்தார்கள்.

கறுப்புக் கவருக்குள் இன்னொரு கறுப்புக் கவர்.
படியில் வீட்டு ஓனர்:
"என்ன, மட்டனா?"
"ஆமா சார்."
ஏழு வருடமாக எங்கள் வீட்டில்
ஞாயிறுதோறும் மட்டன்.

முதல் தடவை தோற்றேன்.
நான்ஸ்டிக்கில் தண்ணீர் விட்டு, தன் தண்ணீரிலேயே வெந்து,
மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் கிடந்தது.
ஜெபக்கனி மென்றாள்.
விளம்பர இடைவேளை முடிந்தும் மென்றுகொண்டிருந்தாள்.
பிறகு எழுந்துபோய் மிச்சத்தைப் பொடியாக நறுக்கி
மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டுச்
சுக்கா வறுத்தாள்.
அதன் ருசியைப் பற்றி
இந்தக் கவிதையில் எழுதப் போவதில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமையே வாங்கினேன்.
துணியால் ஒற்றி, உப்பிட்டு,
இரவு முழுக்க ஃபிரிட்ஜில் திறந்து வைத்தேன்,
தயிருக்கும் அவள் மல்லிகைப் பொட்டலத்துக்கும் நடுவே.
"நாளைக்கு என் தலையில என்ன வாசனை வரும்?"
என்று மட்டும் கேட்டாள்.

தோசைக்கல்லைத் தர மறுத்தாள்.
எண்ணெய் குடித்துக் குடித்துக்
கண்ணாடியாய்ப் பழகிய கல்.
"கறி பட்டா நாளைக்கு தோசை எடுக்க வராது."
"நான் எடுத்துத் தரேன்."
"நீயா?"

மே மாதம். ஓனருக்காக ஜன்னல் சாத்தியிருந்தது.
அடுப்பு அணையக்கூடாதென்று ஃபேனும் இல்லை.
கல் புகையும்வரை காத்திருந்து வைத்தேன்.
கத்தியது.
அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது
போன வாரம் ஏன் தோற்றேன் என்று.
இரண்டு நிமிடம் தொடக்கூடாது.
எதையும் கிளறாமல் நிற்க
எங்கள் வீட்டுக் கரண்டிக்குப் பழக்கமில்லை.
கண்ணெரிந்தது. புரட்டினேன்.
வெண்ணெய், தட்டிய பூண்டு,
அவ்வளவுதான். தழைக்கு நான் எங்கே போக.

"எட்டு நிமிஷம் ஆறணும்."
"ஆற வைக்கிறதுக்கு எதுக்கு சூடா சுட்டே?"
பதில் இல்லை என்னிடம்.
வேர்வை வழிய இருவரும் தட்டைப் பார்த்தபடி நின்றோம்.
ஐந்தாவது நிமிடத்தில் அவள் போய்
ஜன்னல் கதவு இரண்டையும் திறந்தாள்.
"கனி, கீழ வாசனை போகும்."
"போகட்டும்."

பிரெட் வெட்டும் கத்தியால் வெட்டினேன்.
நடுவில் பீட்ரூட் நிறம்.
"வேகல" என்றாள்.
ஒரு துண்டு எடுத்தாள்.
இன்னொன்றைக் கேட்காமல் எடுத்தாள்.

"அங்க இப்படித்தான் இருந்துச்சா?"
யோசித்துச் சொன்னேன்:
அங்கே மேல்பக்கம் இன்னும் முறுகல்,
கத்தி நல்ல கத்தி,
இங்கே உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்.
"நான் கேட்டது அது இல்ல" என்றாள்.
தட்டில் தேங்கிய சாற்றைப் பன்னால் துடைத்து
எனக்கு வைக்காமல் தின்றாள்.

திங்கள் காலை முதல் தோசை ஒட்டிக்கொண்டது.
சொன்ன சொல்லுக்கு நான்தான் எடுத்தேன்.
நாலாய்ப் பிய்ந்தது, ஓரமெல்லாம் புகை வாசம்.
சட்னி தொடாமல் தின்றுவிட்டு இறங்கினேன்.

படியில் ஓனர்.
ஒன்றும் கேட்கவில்லை.
சாவிக்கொத்தை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.